எக்செல்ல வரிசைப்படுத்துனா (சார்ட் பண்ணா) தேதி ஏன் கலையுது?

கேள்வி: எங்க கடை பில் லிஸ்ட்டை ரெண்டு கம்ப்யூட்டர்ல மாத்தி மாத்தி எக்செல்ல ஏத்துறோம். தேதிப்படி சார்ட் பண்ணா ஏப்ரல் 15, 20 எல்லாம் மொத்தமா கடைசிக்கு போயிடுது, ஏப்ரல் 5 பில்லு மே மாச பில்லுங்களோட போய் நிக்குது. ஃபார்மேட் செல்ஸ்ல போய் டேட்னு மாத்தியும் அசையல சார்.
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சார்ட் மேல தப்பே இல்லங்க. எக்செல்லுக்கு தேதின்னா உள்ளுக்குள்ள ஒரு நம்பர்தான், அதுக்கு தேதின்னு புரியாததை வெறும் எழுத்தா வச்சுக்கும், சார்ட்ல நம்பர் முதல்ல, எழுத்து அப்புறம், அதான் கடைசிக்கு ஓடுது. ஃபார்மேட் மாத்துனா நம்பரோட தோற்றம்தான் மாறும், எழுத்து எழுத்தாவேதான் கிடக்கும். அலைன்மென்ட்ல கை வைக்காம இருந்தா நம்பர் வலது பக்கம் ஒட்டும், எழுத்து இடது பக்கம், பாத்த உடனே தெரியும்.

கடைசிக்கு போனதுல 13-ம் தேதிக்கு கீழ ஒண்ணுமே இல்லன்னா ஒரு கம்ப்யூட்டர் அமெரிக்கா முறையில மாசத்தை முதல்ல படிக்குதுன்னு அர்த்தம். 15-வது மாசம்னு ஒண்ணு இல்லாததால அது எழுத்தாயிடுச்சு, ஆனா 05/04 சத்தமில்லாம மே 4 ஆயிடுச்சு பாருங்க, அதுதான் ஆபத்து.

முதல்ல ஃபைலை காப்பி எடுத்து வைங்க. கடைசில சேர்ந்த எழுத்து தேதிகளை மட்டும் செலக்ட் பண்ணி, டேட்டா டேப்ல டெக்ஸ்ட் டு காலம்ஸ், ரெண்டு நெக்ஸ்ட், டேட்ல டிஎம்ஒய் (நாள், மாசம், வருஷம்ங்கிற வரிசை), ஃபினிஷ், அவ்ளோதான். மாறிப்போனதை கண்டுபிடிக்க பில் நம்பர்படி சார்ட் பண்ணி தேதி எங்க திடீர்னு தாவுதுன்னு பாருங்க, ஏன்னா இன்னொரு கம்ப்யூட்டர்ல அடிச்சது சரியாவே இருக்கும், எல்லாத்தையும் திருப்பிட்டா அதுவும் கெட்டுடும். தாவுனதுக்கு மட்டும் பக்கத்து செல்லுல டேட் ஃபார்முலா போட்டு நாளையும் மாசத்தையும் இடம் மாத்திக் குடுங்க. அப்புறம் விண்டோஸ் ரீஜன் செட்டிங்கை இங்கிலிஷ் இந்தியான்னு மாத்திட்டு, மாசம் பேரோட தெரியுற ஃபார்மேட் வைங்க, தப்பா விழுந்தா டைப் பண்றவங்களுக்கே அப்பவே கண்ணுல படும்.

கேள்வி: தேதி இருந்த இடத்துல 45000-னு வருதே, வைரஸா?

பதில்: இல்லங்க, அது 2023 மார்ச் 15. 1900 ஜனவரி 1-ஐ ஒண்ணுன்னு வச்சு எண்ணுன கணக்கு, ஃபார்மேட்டை டேட்னு மாத்துங்க, தேதி வந்துடும். 1900 லீப் வருஷமே இல்ல, ஆனா லோட்டஸ் 1-2-3-ங்கிற பழைய ஸ்ப்ரெட்ஷீட் சாஃப்ட்வேர் கணக்கோட ஒத்துப்போகணும்னு எக்செல்ல இன்னிக்கும் 1900 பிப்ரவரி 29 உண்டு!