ஊரிலிருந்து வரும் பெற்றோரைச் சாட்ஸ்வொர்த் போன்ற இங்கிலாந்து மாளிகைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போவது வீண் செலவா?

இல்லை. லண்டனைச் சுற்றிக் காட்டி முடித்துவிட்டு, அடுத்து எங்கே என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். சாட்ஸ்வொர்த் மாளிகை இருக்கும் டெர்பிஷயருக்கு அழைத்துப் போங்கள். காசு இடித்தால் மாளிகையை விட்டுவிடுங்கள். தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். 105 ஏக்கர், ஒரு பகல் சரியாக இருக்கும்.

என் அப்பா சின்னமனூர்ப் பக்கத்து வாழை விவசாயி. அவரை அங்கே கூட்டிப் போகிறேன் என்றதும் உறவினர்கள் பேசாத பேச்சில்லை. "காசிக்கு அனுப்ப வேண்டிய வயதில் வெள்ளைக்காரன் பங்களாவைக் காட்டுகிறாயா?" என்றார் பெரியப்பா. இங்கேயும் சிலர் அப்படித்தான் எழுதுவீர்கள், தெரியும். நான் பிரபுக்களுக்குக் கொடி பிடிக்கவில்லை. மாளிகையின் பார்வையில் படக் கூடாதென்று என்சர் கிராமத்தின் வீடுகளை இடித்து அப்பால் கட்ட வைத்த குடும்பம் அது. ஆனால் அந்தத் தோட்டத்தை உருவாக்கியது தோட்டக்காரர்களின் உழைப்பு. அதைப் பார்க்கத்தான் போனோம்.

பேரரசர் நீரூற்றின் முன் அப்பா நின்றுவிட்டார். ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் வருவார் என எதிர்பார்த்து 1844இல் கட்டியது. அவர் வரவேயில்லை. தண்ணீர் 90 மீட்டர் உயரம்வரை எழும்பக்கூடியது. "மோட்டார் எத்தனை ஹெச்.பி.?" என்று கேட்டார் அப்பா. மோட்டாரே கிடையாது, மேலே குன்றில் ஏரி வெட்டி, குழாய் வழியாக இறக்கிய தண்ணீரின் அழுத்தம்தான் என்றேன். தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீரில் பயிர் செய்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இதைக் கட்டிய ஜோசப் பாக்ஸ்டன் 1826இல் அங்கே தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்தவர். மொரீஷியஸ் வழியாக வந்த ஒரு வாழையைக் கண்ணாடி வீட்டில் வளர்த்து 1835இல் பூக்க வைத்தார். அவருடைய முதலாளியும் மாளிகையின் சொந்தக்காரப் பிரபுவுமான ஆறாம் டியூக்கின் குடும்பப் பெயர் கேவண்டிஷ். அதுவே வாழைக்கும் பெயரானது. நம் ஜி-9, மோரீஸ், பச்சை வாழை எல்லாம் கேவண்டிஷ் இனம்தான். எங்கள் தோட்டத்தில் நிற்பவை அந்த மரத்தின் நேர் வாரிசுகள் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

நாங்கள் போன அன்று வாழை இருக்கும் கண்ணாடி வீட்டுக்குள் விட்டார்கள். அப்பா தண்டைத் தட்டிப் பார்த்தார். பக்கக்கன்றுகளை இவ்வளவு விட்டுவைத்தால் தார் சிறுக்கும் என்று அங்கிருந்த தோட்டக்காரப் பெண்ணிடம் சொல்லச் சொன்னார். அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு, எத்தனை கன்று விடலாம், எப்போது அறுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. ஊரில் இத்தனை வருடம் வாழை போட்ட மனிதரிடம் யாரும் ஒரு யோசனை கேட்டதில்லை. தாரை வெட்டும்வரை ஒரு விலை, வெட்டி லாரியில் ஏற்றியபின் வேறு விலை. பழத்தில் புள்ளி, காம்பு எடை என்று வியாபாரிகள் கழித்துக்கொண்டே போவார்கள். வெட்டிய தாரைத் திருப்பி மரத்தில் மாட்ட முடியாது என்பது வியாபாரிக்கு நன்றாகவே தெரியும். போன அறுவடையிலும் இதுதான் நடந்தது.

கேள்விக்கு வருகிறேன். ஷெஃபீல்டிலிருந்து பஸ் இருக்கிறது. கண்ணாடி வீடு அன்றைக்குத் திறந்திருக்குமா என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சரிவுப் பாதைகள் அதிகம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களை மெதுவாக நடத்திக் கூட்டிப் போங்கள்.