‘முகாம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நான் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலையொன்றில் இரண்டு ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். வருகின்ற ஓகஸ்ட் விடுமுறையில், 7ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரை படிக்கும் இருபது பையன்களை முத்தையன்கட்டுக் குளப்பக்கம் அழைத்துச் சென்று, நான்கு நாட்கள் தங்கவைத்து, நடைப்பயணம், நீச்சல், சமையல் எனச் சிலவற்றைப் பழக்க விரும்புகிறேன். நாளாந்த அட்டவணையை இத்துடன் இணைத்துள்ளேன். அதிபர் சம்மதித்துவிட்டார், பெற்றோரில் பாதிப்பேர் மறுக்கிறார்கள். ஒரு தாய், "முகாமிலை இருந்தது காணும் சேர், என்ரை பிள்ளையை இன்னொரு முகாமுக்கு விடமாட்டன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நீங்கள் முன்னொரு காலத்தில் இத்தகைய முகாம்களை நடத்தியவர் என்று அறிந்தேன். நான் செய்வது சரிதானா? கூடாரம் வாங்கவும் பணமில்லை.
— ஓர் ஆசிரியர்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

போங்கள். நீங்கள் செய்ய நினைப்பது நல்ல காரியம். செய்கின்ற முறையில்தான் இரண்டு மூன்று இடங்களில் உங்களோடு மாறுபடுகிறேன். அதைச் சொல்வதற்கு, நான் எங்கே பிழைவிட்டேன் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

1978 முதல் 1982 வரை ஐந்து ஓகஸ்ட் விடுமுறைகளில், இளம் ஆசிரியர்களான நாங்கள் மூவர், இருபது இருபத்தைந்து பையன்களை இரணைமடுக் குளத்தின் அயலில் தங்கவைத்தோம். 1983 ஓகஸ்டுக்கென்று சேர்த்து வைத்த அரிசி, யூலைக் கலவரத்தில் தெற்கிலிருந்து உடுத்த துணியோடு வந்து சேர்ந்த குடும்பங்களுக்குச் சமைக்கப் போயிற்று. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு அந்த எண்ணமே எழவில்லை. மீள்குடியேற்றத்தின் பின்னர், முதுமையில், இரண்டு முறை நடத்தினேன்.

பிழை 1979இல் நடந்தது. முதல் நாள் மாலை, பையன்களைச் சிரிக்க வைப்பதாக எண்ணிக்கொண்டு, "வீட்டு நினைவு வந்து அழுகிறவர்தான் மறுநாள் கிடாரம் கழுவ வேண்டும்" என்று அறிவித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வரிசையில் நிற்கவைத்து இலக்கத்தைச் சொல்லச் செய்வோம். மூன்றாம் நாள் மாலை, கணக்கில் இருபத்திரண்டும் சரியாக வந்தது. ஆனால் "பதினொன்று" என்ற குரலும் "பன்னிரண்டு" என்ற குரலும் ஒரே குரலாக என் காதில் பட்டன. அருகில் போய்ப் பார்த்தபோது பதினோராம் பையன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய துவாய் மட்டும் பன்னிரண்டாமவன் தோளில் கிடந்தது. தோழனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அவன் இரண்டு பேருக்காகவும் குரல் கொடுத்திருக்கிறான்.

அந்த மூன்று மணி நேரத்தை நான் இன்றும் மறக்கவில்லை. ஓகஸ்டில் சிறுபோகத்துக்கு நீர் விட்டு விட்டு, குளம் நடுவுக்கு ஒடுங்கிப்போயிருக்கும். கரைக்கும் நீருக்கும் இடையில் மேலே காய்ந்தும் உள்ளே குழைந்தும் கிடக்கும் சேறு. அந்தச் சேற்றில் அரிக்கன் லாம்போடு கால்தடம் தேடி நடந்தோம். அவனோ குளத்துப் பக்கமே போகவில்லை. கண்டி வீதிக்கு ஏறி, யாரோ ஒருவருடைய உழவு இயந்திரப் பெட்டியில் தொற்றி, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கி, ஊருக்குப் போகும் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றிருக்கிறான். அங்கே கச்சான் விற்ற அம்மா ஒருவர் அவனைத் தமது பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தி, ஒரு சரை கச்சானையும் கையில் கொடுத்து, "உன்னை ஆரும் தேடி வருவினம், அதுமட்டும் பஸ்ஸிலை ஏறாதை" என்று மறித்து வைத்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் அழவில்லை. "சேர், நாளைக்குக் கிடாரம் நான்தானோ கழுவ வேணும்?" என்று மட்டும் கேட்டான். அவனுக்குத் தங்கை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்ததையும், தாய்க்குச் சுகமில்லாதிருந்ததையும் அதன் பிறகுதான் அறிந்தோம். நான் முதல் நாளே வாயை மூடிவிட்ட பிள்ளை, அதை யாரிடம் சொல்லியிருப்பான்?

ஆகையால், கிடாரம் கழுவுவதைத் தண்டனையாக்காதீர்கள். அதை அணிகளுக்கு முறை வைத்துக் கொடுங்கள். வீட்டு நினைவைக் கேலி செய்யாதீர்கள். கணக்கெடுக்கும்போது குரலை நம்பாமல் முகத்தைப் பாருங்கள். இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்து, ஒருவனுக்கு மற்றவன் பொறுப்பு என்று வைத்தால், காட்டிக்கொடுப்பது பற்றிய கூச்சம் பாதி குறையும். அந்த ஆண்டு முதல், இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வோர் ஆசிரியரும் ஏழெட்டுப் பையன்களிடம் தனித்தனியே, ஆனால் மற்றவர்கள் பார்க்கத்தக்க இடத்தில் இருந்து, வயிறு சரியாகப் போனதா, எங்காவது நோகிறதா, வீட்டில் என்ன செய்தி என்று கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். ‘மற்றவர்கள் பார்க்கத்தக்க இடத்தில்’ என்பதை அழுத்தியே எழுதுகிறேன். வளர்ந்தவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. நீங்களும் அதற்கு விலக்கல்ல. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தைப் பையன்கள் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும்.

இனி உங்கள் அட்டவணை. அதிகாலை ஐந்தரை முதல் இரவு ஒன்பது வரை அரைமணிக்கொரு நிகழ்ச்சி எழுதியிருக்கிறீர்கள். என் முதலாவது அட்டவணையும் இப்படித்தான் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், அந்த முகாம்களில் இருந்த ஒருவரை வவுனியா பேருந்து நிலையத்தில் கண்டேன். பேரப்பிள்ளையைக் கையில் பிடித்திருந்தார். நாங்கள் அரும்பாடுபட்டு ஒழுங்குசெய்த பத்து மைல் நடை அவருக்கு நினைவிலில்லை. நினைவில் இருந்தது ஓர் உப்புப் பேணி. நான்கு நாளும் உப்புக்குப் பொறுப்பாக அவரை வைத்திருந்தோமாம். பழைய பால்மாப் பேணியில் போட்டு, ஈரம் படாமல், இரவில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாராம். இரண்டாம் நாள் பருப்புக்கு எவ்வளவு போடுவது என்று ஆசிரியரே தம்மிடம் வந்து கேட்டதாகச் சொல்லும்போது அந்த மனிதர் நிமிர்ந்து நின்றார். அந்த ஆசிரியர் நானா மற்றவரா என்பது எனக்கு நினைவில்லை.

எனவே அட்டவணையில் பாதியை அழித்துவிட்டு, இருபது பையன்களுக்கும், செய்யாவிட்டால் மற்றவர்களுக்கு உண்மையிலேயே குறை ஏற்படும்படியான ஒவ்வொரு வேலையைக் கண்டுபிடியுங்கள்: உப்பு, நெருப்புப்பெட்டி, குடிநீர் கொதிக்கவைத்து ஆற்றுவது, நுளம்பு வலைகள், முதலுதவிப் பெட்டி. 1907 ஓகஸ்டில் பேடன் பவல் பிரவுன்சீத் தீவில் நடத்திய முதலாவது சாரணர் முகாமில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணிகளாக்கி, ஒவ்வோர் அணிக்கும் ஒரு மூத்த பையனையே தலைவனாக வைத்தார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அணி பிரிக்கும்போது ஒரே ஒழுங்கையில் இருந்து வருபவர்களை ஒன்றாகப் போடாதீர்கள். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் எங்களிடம் சிலர் இருந்தார்கள். குளத்தைக் கண்டு ஒதுங்கி நின்ற அவர்கள், ஈர விறகில் நெருப்பு மூட்டுவதில் எங்கள் ஊர்ப் பையன்களைத் தோற்கடித்தார்கள்.

பையன்களிடம் ஒப்படைக்கக் கூடாதவை நீரும் இரவும். வன்னிப் பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று பெற்றோரே கேட்பார்கள். தன் ஊர்க் குளத்தின் மேடுபள்ளத்தை அறிந்த பிள்ளை, இன்னொரு குளத்தில் அந்தத் துணிவோடு பாய்வதுதான் ஆபத்து. கட்டுக்கு மண் எடுத்த குழிகள் நீருக்கடியில் கிடக்கும். முழங்கால் அளவு நீரில் நடந்து போகிறவன் அடுத்த அடியில் ஆளை மூடும் ஆழத்தில் இருப்பான். மதகடியிலும், மேலதிக நீர் வழியும் வானடியிலும் எவரையும் இறங்க விடாதீர்கள். அந்தக் குளத்தில் மீன்பிடிக்கும் ஒருவரை, கூலி கொடுத்தாவது, குளிக்கும் நேரம் முழுவதும் உடன் வைத்திருங்கள். எவ்விடத்தில் குழி, எவ்விடத்தில் முதலை கிடக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். குளிப்பு ஒரு நாளைக்கு ஒருமுறை, ஐந்தைந்து பேராக, பகல் வெளிச்சத்தில்.

கூடாரம் வாங்கப் பணமில்லை என்று வருந்துகிறீர்கள். எனக்கு அது ஆறுதலாக இருக்கிறது. குளத்துக்கு அண்மையிலுள்ள பாடசாலையின் மண்டபத்தைக் கேளுங்கள். வன்னியில் இரவில் அஞ்ச வேண்டியது யானையை மட்டுமல்ல. கட்டுவிரியன் பாம்பு, நிலத்தில் படுத்துறங்குபவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடத்தில் வீக்கமும் இராது, நோவும் அதிகம் தெரியாது. விடியற்காலையில் ஒரு பிள்ளை வயிறு நோகிறது என்றோ, கண் இமையைத் தூக்க முடியவில்லை என்றோ சொன்னால், இரவுச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு நேரத்தைப் போக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வெட்டுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டாம். நுளம்பு வலையைப் பாயின் கீழ் நன்றாகச் செருகி விட்டால் பாம்புக்கும் அது தடை. எங்கள் நாட்களில் மலேரியாக் குளிசை இல்லாமல் புறப்பட்டதில்லை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது. ஆனால் டெங்கு இருக்கிறது. ஆகவே வலை இருக்கட்டும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைக்கத் தொலைபேசிச் சமிக்ஞை எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதை முதல் நாளே பார்த்து வையுங்கள்; கிடைக்காவிட்டால், வாகனம் வைத்திருக்கும் ஒருவரிடம் இரவு முழுவதற்கும் சொல்லி வையுங்கள்.

நடைப்பயணத்துக்குக் காட்டை விட வாய்க்கால் கரை போதும். ஒரு நாள் கற்சிலைமடுவுக்கு நடக்கலாம். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டார வன்னியன், அவ்வாண்டு ஒக்ரோபர் 31 அன்று ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க்கிடம் தோற்றதைக் குறித்து ஆங்கிலேயர் கல் நட்ட இடம் அது. பாதையை விட்டு விலக வேண்டாம் என்று உங்கள் பையன்களுக்கு நீங்கள் படிப்பிக்கத் தேவையில்லை. கடைசி முறை நடத்தியபோது, பாதையோரம் கிடந்த ஒரு விளாம்பழத்துக்காக நான் பற்றைக்குள் கால் வைக்கப் போனேன். பதினொரு வயதுப் பையன் ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்து, வெளிறிப்போய் ஒரு மரத்தில் தொங்கிய நாடாத் துண்டைக் காட்டினான். மிதிவெடி அகற்றி முடித்த இடந்தானோ என்னவோ, பழத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். இடத்தைத் தெரிவு செய்ய முன்னர் கிராம அலுவலரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் கால் வைப்பதானால் அனுமதி வேண்டும்.

எழுந்து போன அந்தத் தாயைப் பற்றிக் கடைசியாக எழுதுகிறேன். அவரைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். அவர் அறியாமையால் மறுக்கவில்லை. 2009இல், போரின் முடிவில், செட்டிகுளத்து மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே, கம்பி வேலிக்குள், தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு முகாம் என்ற சொல்லின் பொருள் வேறு. கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற 2012 செப்ரெம்பர் ஆயிற்று. நீங்கள் அனுப்பிய அட்டவணையை அவர் இடத்திலிருந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்: வரிசை, கணக்கெடுப்பு, விசில், உணவு விநியோகம். ‘விநியோகம்’ என்றே எழுதியிருக்கிறீர்கள், தம்பி. எந்தத் தாய் விடுவாள்?

ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். நாங்கள் மீள்குடியேற்றத்தின் பின் ‘குளக்கரைப் பயணம்’ என்றே அழைத்தோம். பெற்றோர் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம், விரும்பினால் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று எழுத்தில் கொடுங்கள். எங்களிடம் அப்படி வந்தவர்கள் பலர், கூட்டிப் போனவர் ஒருவர். அந்தத் தாயிடம் சம்மதம் கேட்டு மறுபடியும் போகாதீர்கள். முதல் நாள் இரவுச் சமையலுக்கு எங்களுக்கு ஒருவர் தேவை, வந்து உதவ முடியுமா என்று கேட்டுப் போங்கள். மகன் வருவதும் வராததும் அவர் விருப்பம். வந்தால், அவர் பார்வையில் படும்படியாக மகனுக்கு ஒரு வேலை இருக்கட்டும்.

நாளைக் குறிக்கும்போது, பூரணைக்கு முந்தின நான்கு நாட்களாகப் பார்த்தால் இரவில் நிலவு இருக்கும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவை ஒட்டிய நாட்களை விட்டுவிடுங்கள். அந்த வாரத்தில் பேருந்தும் கிடைக்காது, வேன்காரரும் கிடைக்க மாட்டார். கிடாரம் வேண்டுமானால் என்னிடம் ஒன்று இருக்கிறது, ஆள் அனுப்புங்கள். ஒரு காது மட்டும் உடைந்திருக்கிறது.