வாசகர் கேள்வி பதில்: பழைய கேமிங் லேப்டாப்பின் சூட்டைத் தணிக்க

கேள்வி: சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் என் கேமிங் லேப்டாப்பில் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் சிப் இருக்கிறது. விளையாடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அதன் வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. ஃபேன் இரைகிறது, காட்சிகள் விட்டுவிட்டு ஓடுகின்றன. சிப்பின் சூட்டை அதன் மேலுள்ள உலோகப் பாகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். அது ஒன்றே போதுமா?

பதில்: பேஸ்டை மாற்றுவதால் பயன் உண்டு. ஆனால் அதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றுக்குச் செலவும் கிடையாது. முதலில், காட்சி தடைப்படுவதற்குச் சூடுதான் காரணமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளின் சென்சார் பக்கத்தில் ‘பெர்ஃப்கேப் ரீசன்’ என்றொரு வரி உண்டு. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் வெப்பம் காரணமாகக் காட்டப்பட்டால், சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று பொருள். மின் வரம்போ வோல்டேஜ் வரம்போ காரணமாகக் காட்டப்பட்டால் சிக்கலை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அடுத்து, பெரும்பாலானவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று. பல கேமிங் லேப்டாப்களில் பிராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரே ஹீட் பைப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன. பிராசசர் ‘டர்போ’ என்னும் கூடுதல் வேகத்தில் ஓடி வெளியேற்றும் சூடு அந்தச் செப்புக் குழாய்களின் வழியே பரவி, கிராஃபிக்ஸ் சிப்பின் சூட்டை வெளியேற்றும் திறனைக் குறைத்துவிடுகிறது. விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினாலே, பொதுவாக இன்டெல் பிராசசர்களில் டர்போ நின்றுவிடும். கிராஃபிக்ஸ் சிப்பின் திறனையே நம்பியிருக்கும் ஆட்டங்களில் இதனால் நேரும் வேக இழப்பு பெரும்பாலும் சிறிதுதான். சூட்டில் தெரியும் வேறுபாடு அதைவிடப் பெரிது. அத்துடன், திரை 60 ஹெர்ட்ஸ் என்றால், நொடிக்கு நூறு காட்சிகளை உருவாக்கச் சிப்பை உழைக்கவிடுவது வீண் என்பதால், என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘மேக்ஸ் ஃப்ரேம் ரேட்’ என்பதை 60 என்று வைத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகுதான் திருப்புளியை எடுக்க வேண்டும். கீழ்மூடியைக் கழற்றியவுடன் பேட்டரியின் இணைப்பைத் துண்டியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை மாற்றும்வரை லேப்டாப்பைப் பயன்படுத்தவே வேண்டாம். தூசி சேரும் இடம் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஃபேன் காற்றைத் தள்ளும் வாய்க்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் இடையே, நாள்பட்ட லேப்டாப்பில், தூசியும் நூலிழைகளும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளித் துண்டைப் போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் அது நகருமே தவிர வெளியே வராது. ஃபேனின் மூடியைக் கழற்றி, அந்தப் படலத்தைச் சிறு இடுக்கியால் முழுதாக உரித்தெடுப்பதே சரியான வழி. காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவு மீறிச் சுழன்றால் பேரிங் பழுதாகும்.

பேஸ்டை மாற்றும் முடிவுக்கு வந்தால், ஹீட்சிங்க் எனப்படும், சூட்டை வெளியேற்றும் அந்த உலோகப் பாகத்தின் திருகுகளின் அருகே 1, 2, 3 என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இறுக்கும்போது அந்த வரிசையிலும், தளர்த்தும்போது அதற்கு எதிர் வரிசையிலும், ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். லேப்டாப் சிப்பின் மேல் பாதுகாப்பு மூடி இல்லாததால், ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் விழுந்தால் அதன் ஓரம் உடையக்கூடும். வீடியோ மெமரியின் மீதுள்ள, சூட்டைக் கடத்தும் மெல்லிய தெர்மல் பேட்கள் கிழிந்திருந்தால் அதே தடிமனில் புதியவற்றை வையுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பின் மீது சரியாகப் படியாது. பேஸ்ட் மாற்றிய பிறகு சூடு முன்னைவிட அதிகரித்துவிட்டது என்று வருந்துபவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி: ‘அண்டர்வோல்ட்’ செய்தால், அதாவது சிப்புக்குச் செல்லும் வோல்டேஜைக் குறைத்தால், சூடு குறையும் என்கிறார்கள். சிப்புக்கு அதனால் கேடு வராதா?

பதில்: வராது. சிப் செலவிடும் மின்சாரத்தின் பெரும்பகுதி வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. அதே வேகத்தில் 1 வோல்ட்டை 0.85 ஆகக் குறைத்தால், அந்தப் பகுதி ஏறக்குறைய 28 சதவீதம் குறைகிறது. இப்படி மிச்சமாகும் மின்சாரம் முழுவதும் உருவாகாமல் போன சூடுதான். உங்கள் 1060 உள்ளிட்ட 10 வரிசைச் சிப்களில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்னும் மென்பொருளைத் திறந்து, கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு தோன்றும். வழக்கமாக ஆட்டத்தில் கிடைக்கும் வேகத்தை 900 மில்லிவோல்ட் புள்ளியில் நிறுத்தி, அதற்கு வலப்பக்கம் உள்ள கோட்டைச் சமமாக்குங்கள். நீண்ட நேரம் விளையாடியும் தடங்கல் இல்லையென்றால் 25 மில்லிவோல்ட் குறைத்து மீண்டும் சோதியுங்கள். எல்லை மீறினால் ஆட்டம் நின்றுவிடும் அல்லது டிரைவர் மீளத் தொடங்கும். ஒரு படி மேலே வந்தால் போதும். நிலையான அளவு கிடைக்கும்வரை, கணினி தொடங்கும்போதே இந்த அமைப்பு செயலுக்கு வரும் தேர்வை இயக்காதீர்கள்.

கேள்வி: கூலிங் பேட், லிக்விட் மெட்டல் இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: தெர்மல் பேஸ்டுக்குப் பதிலாகப் பூசப்படும் லிக்விட் மெட்டலைப் பழைய லேப்டாப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். மின்சாரத்தைக் கடத்துவதால் ஒரு துளி சிதறினாலும் மதர்போர்டு பாழாகலாம். லேப்டாப்பின் அடியில் வைக்கும் கூலிங் பேட் சில டிகிரிகளைக் குறைக்கும், அதுவும் அதன் ஃபேன்கள் லேப்டாப்பின் காற்று நுழையும் துளைகளுக்கு நேராக அமைந்தால்தான். பின்புறத்தை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்தி, துளைகள் மேசையில் அடைபடாமல் வைத்துப் பாருங்கள். அதிலேயே கணிசமான பயன் கிடைத்துவிட்டால் பேட் வாங்கத் தேவையில்லை.