ஆறு டெர்மினலுக்கு எவ்வளவு நெட் வேண்டும்?

கேள்வி: கேரளத்தில் இடுக்கி மலைமேல் வண்டன்மேட்டில் ஏலக்காய் வாங்கி விற்கிறோம். தலைமை ஆபீஸ் மலைக்குக் கீழே போடியில், சர்வரும் அங்கேதான். இங்கே கடையில் ஆறு தின் கிளையண்ட் போட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பில் பில்லும் கணக்கும் பார்க்கிறோம். நெட் சிம் ரவுட்டரில் வருகிறது, ஒரு நாளைக்கு 3 ஜிபி. காலையில் 9 மணிக்குக் கடை திறந்தால் 12 மணிக்கெல்லாம் அது தீர்ந்துபோய் திரை நகர மாட்டேன் என்கிறது. சாயங்காலம் காய் கொண்டுவருகிறவர்கள் பில்லுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். பெரிய பிளானும் புது ரவுட்டரும் வாங்கச் சொல்கிறார் சப்ளையர். வாங்கலாமா?

பதில்: இந்த வாரம் வாங்காதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். நீங்கள் சொல்கிற வேலைக்கு மூன்று மணி நேரத்தில் 3 ஜிபி தீர வழியே இல்லை. வேறு எங்கோ ஒழுகுகிறது.

தின் கிளையண்ட், அதாவது டெர்மினல், சர்வரின் திரையைக் காட்டுகிற சின்னப் பெட்டிதான், அதில் கணக்கு ஓடுவதில்லை. நீங்கள் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் போடிக்குப் போகின்றன. அங்கே திரையில் எந்த இடம் மாறியதோ அந்த இடத்தின் படம் மட்டும் சுருக்கப்பட்டு மேலே வருகிறது. ஆள் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டால் அந்த டெர்மினலுக்கு ஏறக்குறைய ஒன்றுமே ஆகாது. மைக்ரோசாஃப்ட் தன் ரிமோட் டெஸ்க்டாப்புக்குத் தரும் உத்தேசக் கணக்கில், சும்மா இருக்கும் திரைக்கு நொடிக்கு 0.3 கிலோபிட், வேர்டில் தட்டும்போது 100 முதல் 150, எக்செலில் 150 முதல் 200. முழுத்திரை வீடியோவுக்கு மட்டும் 7.5 முதல் 8.5 மெகாபிட் வரை போகிறது. இவையெல்லாம் பிட் கணக்கு. எட்டால் வகுத்தால்தான் பைட்.

பில் போடும் வேலைக்கு 150 கிலோபிட் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 8 மணி நேரம் கையை எடுக்காமல் தட்டினாலும் 540 எம்பி. ஆறு பேருக்கும் சேர்த்து 3.24 ஜிபி. கையை எடுக்காமல் யாரும் தட்டுவதில்லை, ஆகவே நிஜத்தில் இதைவிடக் குறையும். அதே திரையில் ஒரே ஒருவர் 8 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் 3.6 ஜிபி! ஆறு பேரின் முழு நாள் உழைப்பை ஒரு மணி நேர வீடியோ தின்றுவிடுகிறது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. செய்தித் தளத்தைத் திறந்து வைத்துவிட்டு மறந்திருப்பார்கள், ஓரத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் அசைவது எதுவானாலும் அது படமாக மலை ஏறி வந்தாக வேண்டும்.

அளப்பதற்குக் காசு செலவில்லை. ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். ஆறு டெர்மினல் போக எத்தனை போன்கள் அதில் தொங்குகின்றன என்று எண்ணுங்கள். கடை வைஃபை பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஆப் அப்டேட்டுகள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

அடுத்து, காலை 10 மணிக்கு ஒரே ஒரு டெர்மினலை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்துவிட்டு, ரவுட்டர் காட்டும் மொத்த டேட்டாவை ஒரு தாளில் குறியுங்கள். ஒரு மணி நேரம் பில் மட்டும் போடச் சொல்லி, 11 மணிக்கு மறுபடி குறியுங்கள். கழித்தால் வருவதுதான் உங்கள் கடையின் அளவு, வேறு யார் சொல்லும் கணக்கும் அதற்கு ஈடில்லை. மேலே போட்ட 150 கிலோபிட் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 70 எம்பி வரும், அதற்குள் இருந்தால் டெர்மினல் ஒழுங்காக இருக்கிறது. பல மடங்கு வந்தால், போடியில் சர்வர் பார்க்கிறவரிடம் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ரிமோட்எஃப்எக்ஸ் நெட்வொர்க் என்ற பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த ஆளின் செஷனுக்கு எவ்வளவு போகிறது, போய்வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று தனித்தனியாகக் காட்டும்.

பிரிண்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. உங்களைப் போலவே சர்வரைத் தூரத்தில் வைத்திருந்த ஒரு ஜவுளிக் கடையில் பார்த்தேன். ஒருவர் பில் அடித்தால் பக்கத்து நாற்காலிக்காரரின் திரை உறைந்து நிற்கும். பில்லின் தலையில் கடை லோகோ பெரிய கலர் படமாக உட்கார்ந்திருந்தது. சர்வரிலிருந்து கடை பிரிண்டருக்கு வரும் பில்லும் திரையும் ஒரே நெட்டில்தான் வருகின்றன. வெறும் எழுத்தாக அனுப்பினால் 40 வரி பில் 3, 4 கேபிதான். படமாக அனுப்பினால் அதன் பல மடங்கு, அதுவும் ஒவ்வொரு பில்லுக்கும். லோகோவை எடுத்துவிட்டு, லெட்டர்ஹெட் அச்சடித்த தாளில் டாட் மேட்ரிக்ஸில் எழுத்தாக அடிக்க வைத்தார்கள். அன்று சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது.

பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பின் எக்ஸ்பீரியன்ஸ் பக்கத்தில் லோ-ஸ்பீடு பிராட்பேண்டைத் தேர்ந்தெடுங்கள். பின்னணிப் படம், மெனு அசைவு, ஜன்னலை இழுக்கும்போது உள்ளே தெரிவது எல்லாம் போகட்டும். லோக்கல் ரிசோர்சஸ் பக்கத்தில் சத்தம் வேண்டாம், டிரைவ் இணைப்பும் வேண்டாம். பிட்மேப் கேஷிங் என்று ஒரு டிக் இருக்கும். திரையில் திரும்பத் திரும்ப வரும் படத் துண்டுகளைச் சேமித்து வைத்து மறுபடி இறக்காமல் காப்பது அது. ஆனால் பல தின் கிளையண்டுகள் அணைத்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிடும்படி பூட்டப்பட்டிருக்கும், சேமித்ததும் சேர்ந்து போய்விடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்போது டெர்மினலை ஆஃப் செய்யாமல் லாக் மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு பிளான் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஒன்றைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்: போடி ஆபீஸின் அப்லோடு வேகம் என்ன? உங்கள் கடையில் டவுன்லோடாக வருவது அங்கே அப்லோடாகத்தான் கிளம்புகிறது. அந்தப் பக்கம் குறுகலாக இருந்தால் மேலே எத்தனை பெரிய பிளான் போட்டாலும் பணம்தான் வீண். அளவும் வேகமும் சரியாக இருந்து, தட்டிய எழுத்து தாமதமாகத் தெரிந்தால் அது போய்வரும் நேரத்தின் கோளாறு. போடி சர்வருக்கு பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டு, 200 மில்லிசெகண்டுக்கு மேல் அடிக்கடி வந்தால் ஃபைபர் கேளுங்கள். கேரள அரசின் ஃபைபர் இணையச் சேவையான கேஃபோன் 2023-இல் தொடங்கியது, உங்கள் தெருவில் வருகிறதா என்று விசாரியுங்கள். சிம் ரவுட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், மழையில் கேபிள் அறுந்த நாளில் அதுதான் கடையைக் காப்பாற்றும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. போடி சர்வரின் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வாசலை, இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்தால் இன்றே மூடிவிட்டு விபிஎன் என்ற பூட்டிய தனி வழியாகப் போங்கள். வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறவர்களும் உங்கள் நெட்டைத்தான் செலவழிக்கிறார்கள், கதவு திறந்துவிட்டால் கணக்குப் புத்தகமே போய்விடும்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் பழைய தின் கிளையண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உள்ளே விண்டோஸ் எம்பெடட் ஸ்டாண்டர்டு 7 இருந்தால் அதன் வழக்கமான ஆதரவு 2020 அக்டோபரோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட முடிகிற மாடலா என்று கேளுங்கள், முடியாதென்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு வீடியோ பாடம் காட்டுவீர்கள் என்றால் எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை அந்தப் பெட்டியே விரிக்கிறதா என்று கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் கணக்கில், அந்த முறையில் முழுத்திரை வீடியோவுக்கு 2.5 முதல் 3.1 மெகாபிட்தான், முந்தைய பதிலில் சொன்ன 7.5 முதல் 8.5-இல் பாதிக்கும் கீழே. அடாப்டரையும் சேர்த்தே வாங்குங்கள். பல மாடல்களுக்குத் தனி வோல்டேஜ், தனி பின். பிறகு தேடினால் பெட்டி வாங்கிய விலைக்கு அடாப்டரும் வாங்க வேண்டியிருக்கும்.