மலைத் தண்ணீரில் சவர நுரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருப்பூரில் இருந்தவரை ஷேவிங் சோப்பும் பிரஷும் கொண்டே சவரம் செய்துவந்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. பணி மாற்றலாகிக் குன்னூருக்கு வந்தபின், பிரஷைச் சோப்பில் இரண்டு சுற்றுச் சுற்றியதுமே நுரை பொங்கி வந்துவிடுகிறது. ஆனால் ஒரு கன்னத்தை வழிப்பதற்குள் மறு கன்னத்து நுரை காய்ந்துபோகிறது, பிளேடு இழுக்கிறது. கோளாறு தண்ணீரிலா, சோப்பிலா?
— வாசகர், குன்னூர்

பதில்: இரண்டிலும் இல்லை. சவரத்துக்கு உங்கள் ஊர்த் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது; அந்த நல்ல தன்மையே உங்களை ஏமாற்றுகிறது. திருப்பூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெண்படிவாக மாறுவதால், பிரஷில் ஏறும் சோப்பில் ஒரு பங்கு அந்த உப்புகளுக்கே செலவாகி, மிஞ்சியதுதான் நுரைக்கும். அங்கே நுரை கண்ணில் படும் நேரத்தில் பிரஷில் சோப்பு தாராளமாக ஏறியிருக்கும். குன்னூர்க் குழாயில் வருவது பெரும்பாலும் ரேலியா போன்ற மலை அணைகளின் நீர். மழையும் ஓடையும் சேர்ந்த நீர். நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறையே தவிரச் சுண்ணாம்புக் கல் அன்று என்பதால், அதன் மேல் ஓடிவரும் நீரில் சுண்ணாம்பு அதிகம் கரைவதில்லை. அத்தகைய மென்னீரில் சிறிதளவு சோப்பே பெரிதாகப் பொங்கும். பொங்கியது போதும் என்று நீங்கள் நிறுத்திவிடுகிறீர்கள். முகத்தில் ஏறுவது பெரும்பாலும் காற்றுதான்.

ஆகவே நுரையைப் பார்த்து அளவு முடிவு செய்யாதீர்கள். பிரஷில் ஏறிய சோப்பைப் பாருங்கள். பிரஷை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நீர் சொட்டாத அளவுக்கு உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடமாவது நிதானமாகச் சுழற்றுங்கள். முதலில் எழும் பெரிய குமிழிகள் மெல்ல அடங்கி, முடியிழைகளின் நுனியில் பசைபோல் ஒன்று திரளத் தொடங்கும். அந்தப் பசை வந்த பிறகே கிண்ணத்துக்கோ முகத்துக்கோ செல்ல வேண்டும். அதன்பின் விரல் நுனியால் சில துளி நீர் விடுவதும், சுழற்றுவதும், மீண்டும் சில துளி விடுவதுமாகப் பொறுமையாக வளர்த்துக்கொண்டு போனால், குமிழி ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமல், கெட்டித் தயிரின் மேற்பரப்பைப்போல் பளபளக்கும் நுரை கிடைக்கும். பளபளப்பில்லாமல் வெளிறி விறைத்து நின்றால் இன்னும் நீர் வேண்டும்; தாடையிலிருந்து வழிந்தால் நீர் கூடிவிட்டது, மறுபடி சோப்பில் சுழற்றுங்கள். விரலிடையில் ஒரு துளி நுரையைத் தேய்த்துப் பார்த்தால் வழுக்க வேண்டும். எவ்வளவு பொங்கியது என்பதைவிட எவ்வளவு வழுக்குகிறது என்பதே சவரத்தில் முக்கியம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், தாடி முடி நீரை உறிஞ்சி ஊறினால்தான் எளிதில் வெட்டுப்படும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை நீரை முடியோடு பிடித்து வைத்திருப்பதும், பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் வழுவழுப்பாக நிற்பதும்தான் நுரையின் வேலை. காற்று மிகுந்த நுரையில் பிடித்து வைக்க நீரே இல்லை.

கேள்வி: மார்கழி, தை மாதக் குளிரில் ஷேவிங் சோப்பு கல்லாக இறுகிவிடுகிறது, நுரையும் முகத்தில் சில்லிடுகிறது. குளியல் சோப்பையே நுரைத்துப் பூசிக்கொண்டால் என்ன?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: வேண்டாம். குளியல் சோப்பு பெரும்பாலும் காஸ்டிக் சோடாவில் செய்யப்படுவது. அழுக்கு நீக்கிச் சீக்கிரம் கழுவுப்பட்டுப் போவதற்கானது. அதன் நுரை முகத்தில் நெடுநேரம் நிற்காது. நல்ல ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் மிகுதியாக இருக்கும். அதை முழுவதும் காஸ்டிக் சோடாவோடு சேர்க்காமல் காஸ்டிக் பொட்டாஷையும் கலப்பார்கள். ஸ்டியரிக் அமிலத்தால் நுரை அடர்ந்து நிலைக்கிறது. பொட்டாஷால் சோப்பு இளகி நீரில் எளிதாகக் கரைகிறது. ஆயினும் ஸ்டியரிக் அமிலத்தில் செய்த இந்தச் சோப்புகள் சில்லென்ற நீரில் தயங்கித்தான் கரையும் என்பதால், உறைபனி விழும் நாட்களில் வெந்நீர் இன்றியமையாதது. முகம் கழுவும்போதே சோப்பின் மேல் ஒரு தேக்கரண்டி வெந்நீர் விட்டு வையுங்கள், இளகிவிடும். நுரைக்கும் கிண்ணம் எவர்சில்வராக இருந்தால் உடனே ஆறிப்போகும். தடித்த பீங்கான் கிண்ணத்தை வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிவிட்டு, வெந்நீர் உள்ள அகலமான பாத்திரத்தில் அமர்த்தி வைத்தால், இரண்டாம் பூச்சு வரை நுரை வெதுவெதுப்பாக இருக்கும். நீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். கொதிநீரில் பிரஷை முக்கினால் முடி கெட்டுப்போகும்; கைப்பிடியில் முடியை ஒட்டியிருக்கும் பசையும் தளர்ந்துவிடும்.

கேள்வி: பன்றிமுடி பிரஷ் வாங்கினேன். முகத்தில் குத்துகிறது, மழைக்காலத்தில் காயாமல் நாறுகிறது. மாற்றிவிடலாமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: குத்துவதற்காக மாற்ற வேண்டாம். பன்றிமுடி நீரை உறிஞ்சும் இயல்புடையது; சவரத்துக்கு முன் சில நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்தால் மென்மையாகும்; நாட்பட நாட்பட இழைகளின் நுனி பிளந்து இன்னும் பதமாகும். நாற்றத்துக்குக் காரணம் அடிமுடியில் தங்கும் சோப்பும் ஈரமும். நுரை அற்றுத் தெளிந்த நீர் வரும்வரை அலசி, உதறி, துண்டில் ஒற்றி, குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் முடி கீழ்நோக்கியிருக்கத் தொங்க விடுங்கள். அடுப்பருகிலோ ஹீட்டர் முன்னாலோ காய வைக்காதீர்கள். மூடுபனி பல நாள் விலகாத பருவத்தில் செயற்கை இழை பிரஷ் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்வதே நல்லது. அதை ஊற வைக்க வேண்டியதில்லை, சீக்கிரம் காய்ந்தும் விடும்.