பங்கம் பேசிய கதை

கேள்வி: வெட்டிப் பேச்சைச் சொல்ல ஆங்கிலத்தில் பங்கம், ஹாக்வாஷ், பால்டர்டாஷ் என்று டஜன் கணக்கில் வார்த்தைகள். தமிழில் 'உளறல்' ஒன்றுதானே?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று இல்லாததை வைத்தே வசனம் கட்டிய வேலூர்க்காரர்கள் நாம். ஒன்றுமில்லாத பேச்சுக்கா பெயர் வைக்காமல் விட்டிருப்போம்? உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கால் மணி நேரம் நில்லுங்கள். கப்ஸா, புருடா, பீலா, ரீல், அளப்பு, சவடால், பேத்தல் எல்லாம் காதில் விழும். எல்லாம் ஒன்றல்ல. புருடா விடுகிறவருக்குத் தான் விடுவது புருடா என்று தெரியும். பேத்துகிறவருக்கு அதுகூடத் தெரியாது.

சரி, உங்கள் பங்கத்துக்கு வருகிறேன். அது ஓர் ஊர்ப் பெயர். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் பங்கம் என்று ஒரு கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. 1820இல் மிசௌரியை அடிமை முறையோடு மாநிலமாகச் சேர்ப்பதா, அடிமை முறை இல்லாமல் சேர்ப்பதா என்று அவர்கள் நாடாளுமன்றத்தில் காரசாரமான விவாதம். எல்லாரும் பேசிக் களைத்து 'ஓட்டுக்கு விடுங்கள்' என்று கத்துகிற நேரத்தில் ஃபெலிக்ஸ் வாக்கர் என்ற உறுப்பினர் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள். 'நான் உங்களுக்காகப் பேசவில்லை, பங்கத்துக்காகப் பேசுகிறேன்' என்றாராம். பங்கம் அவருடைய தொகுதிப் பகுதி. அன்றிலிருந்து அந்த மாதிரிப் பேச்சுக்கே அந்த ஊர் பெயராகிவிட்டது. பாவம், ஊர் என்ன செய்யும்? அப்புறம் அது சுருங்கி 'பங்க்' ஆனது. பொய்யைத் தோலுரிப்பதற்கு 'டீபங்க்' என்று 1923இல் ஒரு சொல்லும் அதிலிருந்து கிளம்பியது. வாக்கரை மட்டும் குறை சொல்வானேன்? மேடையில் ஏறி, எதிரே இருக்கும் கூட்டத்தை விட்டுவிட்டு வார்டுக்காரர்களின் காதுக்காகவே முழங்குகிற ஆட்களை நம் மண்டித் தெருவிலும் கேட்டிருக்கிறேன்.

ஹாக்வாஷ் என்பது வேறொன்றுமில்லை, நம் கழனித் தண்ணிதான். அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், மிஞ்சின சோறு எல்லாம் ஊறிப் புளித்துக் கிடக்கும் தொட்டி. அங்கே அதைப் பன்றிக்கு ஊற்றினார்கள், அதனால் ஏச்சானது. இங்கே அது மாட்டுக்கு. எங்கள் வீட்டுப் பசு மூக்கு முங்க உறிஞ்சிவிட்டு, தொட்டியின் அடியில் ஒட்டிய பருக்கையை நாக்கால் வழித்துத் தின்னும். மறுநாள் காலையில் பாலாகக் கறக்கிற சமாச்சாரத்தை வெட்டிப் பேச்சோடு சேர்க்க நமக்கு மனசு வருமா?

பால்டர்டாஷ் முதலில் நுரை. பிறகு பீரில் பாலைக் கலந்தது போன்ற கண்டதும் கலந்த பானம். குடித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

கடைசியாக ஒன்று. 'டஜன் கணக்கில்' என்று ஆரம்பித்துவிட்டு எழுதியிருப்பது மூன்றே மூன்று. இதற்குத்தான் நம் பக்கம் அளப்பு என்று பேர்.