புதிய லினக்ஸ் பதிப்புக்கு மாறியதும் லேப்டாப்பில் வைஃபை காணோம், லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டும்போது) மட்டும் வருகிறது. டிரைவரை மறுபடி கம்பைல் செய்யலாமா?

நீங்கள் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். ரியல்டெக் 8821சிஇ வைஃபை சிப் உள்ள லேப்டாப். டெபியன் என்ற லினக்ஸின் 11-ம் பதிப்புக் காலத்தில் ஒரு வீடியோவைப் பார்த்து கிட்ஹப்பிலிருந்து டிரைவரை இறக்கி கம்பைல் செய்தீர்கள். 12 வரை தாக்குப்பிடித்தது. 13-க்கு அப்கிரேட் செய்ததும் வைஃபை ஐகானே போய்விட்டது. அதே 13-ஐ லைவ் பென்டிரைவில் பூட் செய்தால் வைஃபை வருகிறது.

கம்பைல் செய்ய வேண்டாம். பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. லைவில் வருகிறது என்றால் சிப் நன்றாக இருக்கிறது, கெர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி) அதற்கான டிரைவர் இருக்கிறது, ஃபர்ம்வேரும் (சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்) இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்தில் ஏதோ ஒன்று அந்த டிரைவரைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அது எது என்று பார்த்தால் போதும்.

எங்கள் ஊர் லினக்ஸ் குழுவில் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் கைக்குக் கிடைத்த லேப்டாப்களில் போட்டுப் பார்ப்போம். வைஃபை புகார் இல்லாமல் ஒரு சந்திப்பும் முடிந்ததில்லை. அதில் டிரைவரே இல்லாத கேஸ் உண்மையில் குறைவு. பழைய பதிப்பில் போட்ட வைத்தியம் புதிய பதிப்பில் வினையாக நிற்பதுதான் அதிகம்.

(போனில் தமிழ் கீபோர்டில் அடிப்பதால் கட்டளைகளும் தமிழ் எழுத்திலேயே வரும். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் நெட் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை லேன் கேபிள் போலவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் தேவையில்லை.

அடுத்து டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு மைனஸ் என்என்கே சேர்த்து என்டர் தட்டுங்கள். நீளமாகக் கொட்டும். அதில் நெட்வொர்க் கண்ட்ரோலர் என்று தொடங்கும் பத்தியை மட்டும் பாருங்கள். உங்கள் சிப்புக்கு அடைப்புக்குள் 10இசி:சி821 என்று ஓர் எண் இருக்கும். முன்பாதி கம்பெனி, பின்பாதி சிப். லேப்டாப் மாடல் பெயரை வைத்து டிரைவர் தேடாமல் இந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாடல் பெயரில் ஒரு பேட்ச்சில் இன்டெல் சிப்பும் அடுத்த பேட்ச்சில் ரியல்டெக் சிப்பும் வைத்து விற்பது சகஜம்.

அதற்குக் கீழே இரண்டு வரிகள் முக்கியம். "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்பது இப்போது சிப்பைப் பிடித்து ஓட்டும் டிரைவர். "கெர்னல் மாட்யூல்ஸ்" என்பது ஓட்டத் தகுதியுள்ள டிரைவர்கள். உங்கள் லேப்டாப்பில் முதல் வரி இருக்காது, இரண்டாவது வரியில் ஆர்டிடபிள்யூ88_8821சிஇ என்று இருக்கும் என்பது என் ஊகம். அதாவது ஆள் வாசலில் நிற்கிறான், உள்ளே விடவில்லை.

விடாதது யார்? உங்கள் சிப்புக்கான டிரைவர் கெர்னல் 5.9-லேயே உள்ளே வந்துவிட்டது. டெபியன் 11-ன் கெர்னல் 5.10, ஆக அப்போதே இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அது அடிக்கடி திணறும், அதனால் வெளி டிரைவரைப் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய. வெளி டிரைவர் வேலை செய்ய வேண்டுமானால் உள் டிரைவர் அதே சிப்பைப் பிடிக்கக் கூடாது, எனவே உள் டிரைவரை பிளாக்லிஸ்ட் செய்யும் (ஏற்ற விடாமல் தடுக்கும்) ஒரு வரியையும் அந்தக் குறிப்புகளே எழுதச் சொல்லும். ஈடிசி ஃபோல்டருக்குள் மாட்ப்ரோப்.டி என்ற ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலாக அது உட்கார்ந்துகொள்ளும். அப்கிரேட் செய்தாலும் அந்த ஃபைலை யாரும் தொட மாட்டார்கள், ஏனென்றால் அது நீங்கள் எழுதியது.

இப்போது 13-ல் கெர்னல் 6.12. பழைய வெளி டிரைவரின் சோர்ஸ் கோடு இந்தக் கெர்னலில் கம்பைல் ஆகவில்லை. கெர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும், வெளியே இருக்கும் டிரைவரை அதற்கேற்ப யாராவது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். டிகேஎம்எஸ் (புதிய கெர்னல் வரும்போதெல்லாம் வெளி டிரைவரைத் தானாகக் கம்பைல் செய்யும் கருவி) வழியாகப் போட்டிருந்தால் அப்கிரேட் ஓடும்போது "பேட் ரிட்டர்ன் ஸ்டேட்டஸ்" என்று ஒரு வரி கத்திவிட்டுப் போயிருக்கும். ஆயிரம் வரி ஓடும்போது அதை யார் பார்க்கிறார்கள். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்தக் கெர்னலுக்கு அந்த டிரைவர் நிறுவப்பட்டிருக்கிறது என்று தெரியும். 6.12-க்கு வரி இல்லாவிட்டால் கதை முடிந்தது. வெளி டிரைவர் செத்துவிட்டது, உள் டிரைவருக்குத் தடை இன்னும் நீங்கவில்லை.

மாட்ப்ரோப்.டி ஃபோல்டரில் 8821சிஇ என்ற பெயர் வரும் ஃபைல்களை கிரெப் செய்து தேடுங்கள். பிளாக்லிஸ்ட் வரியை நீக்குங்கள். டிகேஎம்எஸ்ஸில் உள்ள பழைய டிரைவரையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு அது ஏதாவது கெர்னலில் கம்பைல் ஆகி இரண்டும் ஒரே சிப்புக்கு அடித்துக்கொள்ளும். பிறகு ரூட்டாக அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை மைனஸ் யு சேர்த்து ஓட்டி ரீபூட். இந்தக் கடைசிப் படியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பூட் ஆகும்போது படிக்கப்படும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் பழைய பிளாக்லிஸ்ட் ஃபைலின் நகல் இருக்கும்.

உங்கள் கேஸ் இதோடு சரியாகிவிடும். ஆனால் இந்தக் கேள்வியைத் தேடி வேறு சிப் உள்ளவர்களும் வருவார்கள், அவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இன்டெல் சிப் வைத்திருப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது டிமெஸ்ஜி (கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் கட்டளை) காட்டும் "டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு வித் எரர் மைனஸ் 2" என்ற வரி. மைனஸ் 2 என்றால் ஃபைல் இல்லை என்று பொருள், அவ்வளவுதான். இன்டெல் டிரைவர் தனக்குத் தெரிந்த ஃபர்ம்வேர் பதிப்புகளில் பெரிய எண்ணை முதலில் கேட்கும். இல்லையென்றால் அதற்கு அடுத்த எண், அதுவும் இல்லையென்றால் அதற்கும் கீழே. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு சிவப்பு வரி. கடைசியில் "லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்" என்று ஒரு வரி வந்துவிட்டால் மேலே உள்ள சிவப்பை மறந்துவிடலாம். யோயோ என்ற பெயருள்ள ஒரு ஃபைல் இல்லை என்றும் புலம்பும். அது டீபக் வேலைக்கான ஃபைல், நமக்குத் தேவையே இல்லை. அந்த வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து "என் டிரைவர் போச்சு" என்று பதிவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

"லோடட்" வரி வராமலே நின்றுவிட்டால்தான் உண்மையில் ஃபர்ம்வேர் பிரச்சினை. புதிய மெயின்லைன் கெர்னலை மட்டும் தனியாக இறக்கிப் போட்டு, ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பழையதாகவே விட்டவர்களுக்கு இது வரும். டெபியனில் இன்னொரு வழியிலும் வரும். 2022 அக்டோபரில் டெபியன்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தி, திறந்த மூலம் அல்லாத ஃபர்ம்வேரையும் இன்ஸ்டாலரிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த 12 முதல் அது நடைமுறை. "தனிப் பென்டிரைவில் ஃபர்ம்வேரைக் காப்பி செய்து வைத்துக்கொள்" என்ற பழைய அறிவுரை இப்போது தேவையில்லை. ஆனால் அந்த ஃபர்ம்வேர்களை நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற புதிய பிரிவுக்கு மாற்றியதால், 11-லிருந்து அப்கிரேட் செய்தவர்கள், பேக்கேஜ்களை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் ஆப்ட் சோர்ஸ் ஃபைலில் அந்தப் பெயரைக் கைப்படச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்காதவர்களுக்குக் கெர்னல் புதிதாகும், ஃபர்ம்வேர் 11-லேயே நிற்கும்.

பிராட்காம் பிசிஎம்43142 வைத்திருப்பவர்களிடம் எனக்கு அனுதாபம் மட்டும்தான். கெர்னலுக்குள் இருக்கும் பி43 போன்ற டிரைவர்கள் அதை ஓட்டாது. டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவர் ஒன்றுதான் வழி. பிராட்காம் அதற்குக் கடைசியாகப் பதிப்பு விட்டது 2015-ல். அதன் பிறகு உபுண்டு, டெபியன்காரர்கள் ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பீட்டா பதிப்பைச் சோதிக்கும்போது இந்த ஒட்டு இன்னும் வந்திருக்காமல் போகலாம். செக்யூர் பூட் (கையெழுத்திடாத நிரலை உள்ளே விடாத பாதுகாப்பு) ஆன் ஆக இருந்தால் இன்னொரு தொல்லை. கம்பைல் ஆகும், ஆனால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று கெர்னல் உள்ளே விடாது. இன்ஸ்டால் செய்யும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்டு, ரீபூட்டில் நீலத் திரை ஒன்று வரும். அங்கே என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். வைரஸோ என்று பயந்து கன்டினியூ அழுத்திவிட்டால் வைஃபை வராது.

டிரைவர், ஃபர்ம்வேர் இரண்டும் சரி, ஆனாலும் நெட்வொர்க் ஒன்றும் தெரியவில்லையா? ஆர்எஃப்கில் லிஸ்ட் அடியுங்கள், வைஃபை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும். சாஃப்ட் பிளாக் என்றால் ஒரு கட்டளையில் விலகும். ஹார்ட் பிளாக் என்றால் லேப்டாப்பின் சுவிட்ச் அல்லது எஃப்என் பட்டன். சுவிட்சே இல்லாத லேப்டாப்பில் ஹார்ட் பிளாக் காட்டினால், சுவிட்ச் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் லேப்டாப் மாட்யூல் ஒன்றின் குழப்பம் அது. விண்டோஸும் கூடவே இருந்தால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். ஷட்டவுன் என்ற பெயரில் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் போகிறது. வைஃபை கார்டு பாதி முடக்கத்தில் லினக்ஸ் கைக்கு வருவதுண்டு.

ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் வேகம் பிரமாதம், அடுத்த அறைக்குப் போனால் ஒரு புள்ளிகூட இல்லை என்றால் ரியல்டெக் 8723பிஇ-யாக இருக்கலாம். அந்தச் சிப்பில் ஆன்டெனாவுக்கு இரண்டு இடம் உண்டு. சில லேப்டாப்களில் ஒரே ஆன்டெனாவை வைத்து, அதையும் டிரைவர் எதிர்பார்க்காத இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். மாட்ப்ரோப்.டி-யில் ஆன்ட்_செல் என்ற ஆப்ஷனை 1 என்றோ 2 என்றோ கொடுத்துப் பார்க்க வேண்டும். எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இணைந்து இணைந்து அறுந்தால் நெட்வொர்க் மேனேஜரில் வைஃபை பவர்சேவை 2 என்று வைத்து அணைத்துப் பாருங்கள். வீட்டில் இணைகிறது, கல்லூரி வைஃபையில் மட்டும் இணையவில்லை என்றால் டிரைவரைத் திட்ட வேண்டாம். உபுண்டு 22.04 வந்தபோது ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க மென்பொருள் பழைய சர்வர்களோடு பேச மறுத்ததில், கல்லூரிகளின் வைஃபை பலருக்குப் போனது. டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

சோதனைக்காகவே புதிய பதிப்பைப் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழையது ஓடும்போதே டிமெஸ்ஜி வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்துவையுங்கள், புதியதில் இன்னொன்று. லேப்டாப் மூடியை மூடித் திறந்தபின் வைஃபை எழுகிறதா என்றும் பாருங்கள். லைவில் நன்றாக இருந்துவிட்டுத் தூங்கி எழுந்ததும் விழும் டிரைவர்கள் நிறைய. பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் பழைய கெர்னல் இருந்தால் அதில் பூட் செய்து பாருங்கள். "6.1-ல் வந்தது, 6.12-ல் வரவில்லை, சிப் எண் இது" என்று புகார் எழுதினால் கெர்னல்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "வைஃபை நாட் வொர்க்கிங்" என்றால் பத்தோடு பதினொன்று.

எதுவும் சரிவரவில்லை, கார்டையே மாற்றலாம் என்று முடிவு செய்தால் இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்குங்கள், ஏஎக்ஸ்211 வேண்டாம். பின்னது சிஎன்விஐ வகை (வைஃபையின் ஒரு பகுதி இன்டெல் பிராசசர் பக்கமே இருக்கும்), அதை ஆதரிக்கும் இன்டெல் பிராசசர் லேப்டாப்பில் மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி லேப்டாப்பில் மாட்டினால் சிஸ்டத்துக்கு அது கண்ணிலேயே படாது. சில பழைய லேப்டாப்களின் பயாஸ் வேறு கார்டையே ஏற்காது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி டாங்கிள் என்றால் ஏதெரோஸ் ஏஆர்9271 அல்லது மீடியாடெக் எம்டி7612யு சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், இரண்டுக்கும் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியில் "லினக்ஸ் சப்போர்ட்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், பெரும்பாலும் உள்ளே ஒரு சிடியும் ஏதோ பழைய கெர்னலுக்கான சோர்ஸ் கோடும்தான் இருக்கும். மாட்டியதும் எல்எஸ்யுஎஸ்பி-யில் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் டாங்கிள் தன்னை விண்டோஸ் டிரைவர் உள்ள டிஸ்க் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஃபைல் மேனேஜரில் அந்த டிஸ்க்கை எஜெக்ட் செய்து பாருங்கள், பெரும்பாலும் வைஃபை கார்டாக மாறிவிடும்.